நான் முந்திச் சொன்ன பதில்கள்

எங்கட வேலை மற்றவைக்கு உதவி செய்யிறது. அதில பெரிய கரைச்சல் என்னெண்டால், எந்த இடத்தில உதவியை நிப்பாட்டவேணுமெண்டு ஒருத்தரும் சொல்லித் தரமாட்டினம்.

எண்பத்து மூண்டாம் ஆண்டுக் கடைசியில ரொறன்ரோவுக்கு வந்து இறங்கினன். ஊரில பன்னிரண்டு வருசம் கணிதம் படிப்பிச்சனான். இஞ்சை அந்தப் பட்டத்தை வைச்சு ஒண்டும் செய்யேலாமல் போச்சு. ஒரு வருசம் அங்கையிங்கை அலைஞ்சு, கடைசியில ஸ்காபரோவில ஒரு பள்ளிக்கூடத்தில வகுப்பு உதவியாளராய் வேலை எடுத்தன். கைகால் ஏலாத, புத்தி கொஞ்சம் மெதுவாய் ஓடுற பெரிய பிள்ளையளின்ர வகுப்பு. பதினாலு வயசில வாறதுகளை இருபத்தொரு வயசுக்குள்ள ஒரு வேலை வெட்டிக்குத் தயாராக்கி வெளியில அனுப்பவேணும்.

பள்ளிக்கூடத்திலயோ ஆசுப்பத்திரியிலயோ கந்தோரிலயோ இன்னொருத்தருக்காக வாய் குடுத்துக் கதைச்ச ஆக்கள் இதை வாசிக்கிறியளெண்டால், நீங்களும் என்ர கட்சிதான். வாங்கோ, சேர்ந்து கொஞ்சம் வெக்கப்படுவம். ஒண்டு மட்டும் முதலே சொல்லிப்போடுறன்: ஆக்கள் இங்கிலிசில சொன்னதையும் நான் தமிழிலதான் எழுதியிருக்கிறன். என்ர மொழிபெயர்ப்பை எவ்வளவு நம்பலாமெண்டு போகப்போக விளங்கும்.

ஏழு ஜக்கெற்

வேலைக்குப் போன முதல் நாள் தை மாசம், வெளியில பனி கொட்டுது. வகுப்பில ஏழு பிள்ளையள். வகுப்பு ரீச்சர் மிஸ் டன், ஒல்லியான, சத்தம் போடாத மனுசி. பத்து மணிக்கு எல்லாரையும் ஜக்கெற் போடச் சொல்லிப்போட்டு ஏதோ அலுவலாய் வெளியில போனா. பிள்ளையள் சிப்போட மல்லுக்கட்டிக்கொண்டு நிக்கினம். டெனிஸ் எண்டு ஒருத்தன், பத்தொன்பது வயசு, ஆறடி உயரம், சிப்பின்ர அடிமுனையைக் கொழுவிறதுக்கே நாக்கை வெளியில நீட்டிக்கொண்டு நிக்கிறான். எனக்கெண்டால் பாத்துக்கொண்டிருக்க ஏலாது. நான் சோறு வேக முதலே நாலு தரம் மூடியைத் திறந்து பாக்கிற ஆள். சடசடவெண்டு ஏழு பேருக்கும் சிப்பை இழுத்து, தொப்பி போட்டு, கையுறை மாட்டி, வரிசையாய் நிப்பாட்டிப்போட்டன். ரெண்டு மூண்டு நிமிசம் எடுத்திருக்கும்.

மிஸ் டன் திரும்பி வந்தா. வரிசையைப் பாத்தா, மணிக்கூட்டைப் பாத்தா, என்னைப் பாத்தா. என்ர மனுசன்ர பேர் அவவின்ர வாய்க்குள்ள அடங்காது. அண்டைக்கே அதை வெட்டிச் சுருக்கிப்போட்டா. "மிஸிஸ் நடா, ஜக்கெற் போடுறதுதான் இந்த அரை மணித்தியாலப் பாடம். அவையின்ர பாடத்தை நீங்களே படிச்சு முடிச்சிட்டியள்."

கெனடி ரோட்டு பஸ்

டெனிஸுக்கு ஒரு சாமான் கடையில பெட்டி அடுக்கிற வேலை பாத்து வைச்சிருந்தினம். தனிய பஸ்ஸில வந்துபோனால்தான் வேலை. அவனைப் பழக்கிற பொறுப்பு எனக்கு. சட்டம் என்னெண்டால், அவன் முன்னுக்கு இருக்கவேணும், நான் மூண்டு சீற் பின்னுக்கு. வாய் திறக்கப்படாது. பிழையான இடத்தில இறங்கினால் இறங்கட்டும், நானும் பேசாமல் பின்னால இறங்கவேணும். எங்க விட்டன்? தரிப்பு வர முதலே எழும்பிப் போய் அவன்ர தோளைத் தட்டுவன். பத்து நாள் இப்பிடியே பழக்கினன், அவன் ஒண்டும் பழகேல்லையெண்டு மிஸ் டன்னுக்கு முறைப்பாடும் சொன்னன்.

பதினோராம் நாள் பஸ்ஸுக்குள்ள நல்ல சூடு, நான் நித்திரையாய்ப் போனன். ஆரோ தோளைத் தட்டுறாங்கள். முழிச்சால் டெனிஸ் பக்கத்தில நிக்கிறான். மணியும் அடிச்சாச்சு, எங்கட தரிப்பும் வருகுது. என்ர கைப்பையையும் எடுத்துத் தோளில போட்டுக்கொண்டு சொன்னான்: "பயப்பிடாதேங்கோ மிஸிஸ் நடா. நான் ஒவ்வொருநாளும் தரிப்பை எண்ணிக்கொண்டுதான் வாறனான், நீங்கள்தான் எண்ணி முடிக்க விடுறேல்லை."

இந்த ரெண்டையும் நான் கலியாண வீடுகளில சொல்லிச் சனத்தைச் சிரிக்க வைச்சிருக்கிறன். இனி வாறதுகளை ஒருத்தருக்கும் சொன்னதில்லை.

அவவுக்குத் தெரியாது

எண்பத்தஞ்சு புரட்டாதியில வதனி வந்தா. எங்கட பள்ளிக்கூடத்துக்கு வந்த முதல் தமிழ்ப்பிள்ளை. பதினாறு வயசு. பிறக்கேக்கை மூச்சுத் திணறினதால கை, கால், நாக்கு எல்லாம் இறுக்கம். ரெண்டு ஊன்றுகோலில நடப்பா. ஒரு சொல்லுச் சொல்லவேணுமெண்டால் கழுத்தைத் திருப்பி, வாயைக் கோணி, அரை நிமிசம் எடுக்கும். ஊரில பள்ளிக்கூட வாசலே மிதிக்காத பிள்ளை. எந்த வகுப்பில போடுறதெண்டு பாக்க, சோதினை வைக்கிற ஒரு மனுசன் வந்தார். அவர் இங்கிலிசில கேக்க, நான் தமிழில கேட்டு, வதனி சொல்லுறதைத் திருப்பி இங்கிலிசில சொல்லவேணும்.

முதல் கேள்வி ஏதோ தோடம்பழக் கணக்கு. கேட்டன். வதனியின்ர கழுத்துத் திரும்புது, வாய் கோணுது, வீணி வடியுது. தாய் பக்கத்தில இருந்து சீலைத் தலைப்பால துடைக்கிறா. அந்த மனுசன் பேனையைப் பிடிச்சபடி பாத்துக்கொண்டிருக்கிறார். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போச்சு. எங்கட பிள்ளை ஒண்டு வெள்ளைக்காரனுக்கு முன்னால இப்பிடி இருக்குதே எண்ட வெக்கம். அந்த வெக்கத்துக்கு இரக்கமெண்டு பேர் வைச்சுக்கொண்டு, "அவவுக்குத் தெரியாது" எண்டு சொன்னன். ரெண்டாவது கேள்விக்கும் அப்பிடித்தான். மூண்டாவதுக்கும். பிள்ளையை ஏன் வதைக்கிறானெண்டு, கடைசி நாலு கேள்வியை நான் தமிழில கேக்கவேயில்லை. நானே "தெரியாது, தெரியாது" எண்டு சொல்லி முடிச்சுவிட்டன்.

அண்டைக்கே முடிவு எழுதியாச்சு: வதனிக்கு எங்கட வகுப்பு. அந்த வகுப்பில பள்ளிச் சான்றிதழ் கிடையாது. இருபத்தொரு வயசு முடியப் பள்ளிக்கூடக் கதவு பூட்டும், சான்றிதழ் இல்லாத பிள்ளை வீட்டுக்குப் போகவேண்டியதுதான். வதனிக்கு வீடெண்டால் ஒரு அறையும் ஒரு கட்டிலும். இதெல்லாம் எனக்கு நல்லாத் தெரியும். அந்த மனுசன் எழும்பி என்ர கையைப் பிடிச்சுக் குலுக்கினார். "மிஸிஸ் நடா, நீங்கள் இல்லாட்டி நாங்கள் இண்டைக்கு என்ன செய்திருப்பமோ தெரியாது."

பின் வாசல்

மாரி துவங்க, வதனியின்ர தாய் எனக்குப் போன் எடுத்தா. மூத்த மகளுக்கு ஒரு சம்பந்தம் பேசுப்படுது. மாப்பிள்ளை வீட்டாரும் அதே அப்பார்ட்மென்ற், பதினோராம் மாடி. காலமை காலமை பள்ளிக்கூட வான் முன் வாசலில வந்து நிண்டு, பின்கதவைத் திறந்து, வதனியைப் படியில தூக்கி ஏத்துறது ஊருக்கே தெரியுது. "ரீச்சர், வானைப் பின்பக்கம் வரச்சொல்ல ஏலுமே? மூத்தவளின்ர அலுவல் ஒப்பேறுமட்டும்தான்."

எனக்குக் கோவம் வந்திருக்கவேணும். வரேல்லை. ஒரு விளக்கமும் இல்லாமலே எனக்கு விளங்கிச்சுது, அதுதான் வெக்கக்கேடு. "ஓம் அக்கா, நான் பாக்கிறன்" எண்டன். முன் வாசலில ஐஸ் பிடிச்சுக்கிடக்கு, ஊன்றுகோல் வழுக்குமெண்டு வான்காரருக்கு ஒரு பொய்யைச் சொல்லி மாத்திவிட்டன். அந்த மாரி முழுக்க வதனி பின்பக்கம் குப்பைத் தொட்டியளுக்குப் பக்கத்தில நிண்டுதான் ஏறினா. ஒருநாள் நானும் அந்த வானில போனன். கண் மட்டும் தெரியக் கழுத்துத் துண்டைச் சுத்திக்கொண்டு, ஊன்றுகோல் ரெண்டும் பனிக்குள்ள புதைய, பிள்ளை நிக்கிறா. சாரதி ஒரு வயசான மனுசன். இறங்கிப் போய் அவவை ஏத்தி, கம்பளியால போர்த்துவிட்டு, வந்து ஸ்ரியரிங்கைப் பிடிச்சுக்கொண்டு என்ர பக்கம் திரும்பினார். "இத்தினை வருசம் வான் ஓடுறன், மிஸிஸ். குப்பை எடுக்கிற இடத்தில பிள்ளை எடுக்கச் சொன்னது நீங்கள்தான்."

மூண்டாவது வரி

எண்பத்தேழு மாசி. இஞ்சை ரீச்சராய் வாறதுக்கு நான் ஒரு சோதினை எழுதவேண்டியிருந்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில அட்சரகணிதம் செய்து பாப்பன். வதனி பக்கத்தில இருப்பா. ஒருநாள் அவவின்ர விரல் நடுங்கி நடுங்கி என்ர கொப்பிக்கு வந்து நிண்டுது. "என்ன பிள்ளை, பென்சிலோ? தண்ணியோ? ரொயிலற்றோ?" எண்டு அடுக்கினன். மூண்டுக்கும் இல்லையெண்டு தலையை ஆட்டினா. அந்த நேரம் என்ர வாய்க்குள்ள பாண் துண்டு. இல்லாட்டி நாலாவதையும் கேட்டிருப்பன். பாணைச் சப்பி முடிக்கிற அந்த இடைவெளியில அவ சொல்லிப்போட்டா: "குறி பிழை."

பாத்தன். மூண்டாவது வரியில கூட்டல் குறியைக் கழித்தலாய்ப் பிரட்டாமல் விட்டிருக்கிறன். பன்னிரண்டு வருசம் படிப்பிச்ச நான். "உது உமக்கு எப்பிடித் தெரியும்?" எண்டு கேட்டுப்போட்டு, பல்லைக் கடிச்சுக்கொண்டு காத்திருந்தன். மெதுமெதுவாய் வந்திது கதை. ஊரில தமக்கைக்குக் கணிதம் சொல்லிக்குடுக்க ஒரு மாஸ்ரர் வீட்டுக்கு வாறவராம். ஆக்கள் காணக்கூடாதெண்டு இவவை அறைக்குள்ள விட்டு, சீலையைத் தொங்கவிட்டிருக்கினம். சீலைக்கு அங்கால படுத்திருந்து, இடுக்கால மாஸ்ரர் எழுதுறதையும் பாத்து, அஞ்சு வருசம் பாடம் கேட்டிருக்கிறா. ரெண்டு கணக்குக் குடுத்துப் பாத்தன். வாயாலயே செய்து காட்டினா, ரெண்டும் சரி.

ஒண்டரை வருசமாய் இந்தப் பிள்ளை எங்கட வகுப்பில இருந்து சில்லறைக் காசை நிறம் பாத்துப் பிரிச்சுக்கொண்டிருக்கிறா. ஆரால? என்னால. அப்பவும் பாருங்கோ, எனக்கு முதல் வந்தது என்னைக் காப்பாத்திற புத்திதான். பழியை அவவில போடுற மாதிரி, "அப்ப அண்டைக்குச் சோதினையில ஏன் ஒண்டும் சொல்லேல்லை?" எண்டு கேட்டன். வதனி கோவிக்கேல்லை. கழுத்தைத் திருப்பி, நேரம் எடுத்து, ஒவ்வொரு சொல்லாய்ச் சொன்னா. "சொல்ல வந்தனான் மிஸ். நீங்கள் முந்தீட்டியள்."

அம்மா சொன்னது

அடுத்தநாள் மிஸ் டன்னிட்டைப் போனன். "நான் பிழை விட்டிட்டன்" எண்டு சொல்லத்தான் போனன். வாயைத் திறக்க, "வதனி நல்லா முன்னேறியிருக்கிறா" எண்டு வந்திது. மிஸ் டன் சந்தோசப்பட்டு, எங்கட வகுப்பின்ர வெற்றியெண்டு உப அதிபருக்கும் சொல்லி, வகுப்பு மாத்திறதுக்குக் கூட்டம் வைச்சா. உப அதிபர், மிஸ் டன், வதனி, தாய், நான். மற்றப் பிள்ளையளோட இருந்து பத்தாம் வகுப்புக் கணிதம் படிச்சு, சான்றிதழ் எடுக்கவேணும். வதனி கேட்டது அவ்வளவுதான்.

தாயிட்டைக் கேட்டன். மனுசி கையைப் பிசைஞ்சா. "வேண்டாம் ரீச்சர். அவ்வளவு பிள்ளையளுக்கு நடுவில இவ விழுந்தெழும்பித் திரிஞ்சால் சனம் கதைக்கும். மூத்தவளின்ர கலியாணம் இன்னும் முடியேல்லை. இவ இருக்கிற இடத்திலயே இருக்கட்டும்." உப அதிபர் என்னைப் பாத்தார். நான் சிரிச்ச முகத்தோட, "தாய்க்கு நல்ல சந்தோசம், முழுச் சம்மதமாம்" எண்டன். முந்தி ஒரு பொய்யால கெடுத்ததை இன்னொரு பொய்யால சரிக்கட்டலாமெண்டு நினைச்சன். எல்லாம் நல்லாய் முடியுதெண்டு மனசுக்குள்ள என்னை நானே மெச்சிக்கொண்டும் இருந்தன்.

வதனி ஊன்றுகோலால நிலத்தில ஒரு தட்டுத் தட்டினா. பிறகு வகுப்பில கேட்டுப் பழகின இங்கிலிசில தானே கதைக்கத் துவங்கினா. சுவர் மணிக்கூட்டில பாத்தன், எட்டு நிமிசம். தான் என்ன படிக்கப்போறா, பிறகு என்ன வேலை தேடப்போறா, விழுந்தால் எப்பிடி எழும்புவா எண்டதெல்லாம் சொன்னா. ரெண்டு தரம் எனக்கு வாய் உன்னிச்சுது. முதல் தரம் மிஸ் டன் மேசைக்குக் கீழால என்ர முழங்கையைப் பிடிச்சா. ரெண்டாம் தரம் நானே உதட்டைக் கடிச்சுக்கொண்டன். அந்தச் சோதினையைப் பற்றி வதனி ஒரு சொல்லும் சொல்லேல்லை. அதைச் சொல்லவேண்டிய ஆள் அறைக்குள்ளயே இருக்குதெண்டு விட்டிட்டா போல. அந்த ஆளும் சொல்லேல்லை.

அந்தக் கிழமைதான் வதனிக்குப் பதினெட்டு முடிஞ்சது. இனித் தாயின்ர கையெழுத்துத் தேவையில்லை, அவவின்ர சொல்லே காணும். கடைசியாய் உப அதிபரைப் பாத்து, என்னையும் ஒருக்காப் பாத்துச் சொன்னா: "அம்மா சம்மதமெண்டு சொல்லேல்லை. வேண்டாமெண்டு சொன்னவ. நான் வேணுமெண்டு சொல்லுறன்."

பதினோராம் மாடி

அடுத்த வருசம் தமக்கையின்ர கலியாணம் நடந்தது. வதனி முன் வரிசையில ஊன்றுகோலோட இருந்தா, தாய் ஒருத்தருக்கும் மறைக்கேல்லை. சாப்பாட்டு வரிசையில மாப்பிள்ளையின்ர தாய் எனக்குப் பக்கத்தில வந்து நிண்டா. நான் பள்ளிக்கூடத்து ஆளெண்டு அறிஞ்சு, கனநாளாய் மனசுக்குள்ள கிடந்த ஒரு கேள்வியைக் கேட்டா. "முந்தி ஒரு மாரி முழுக்க எங்கட குசினி யன்னலால ஒவ்வொருநாளும் அந்தப் பிள்ளையைக் கண்டனான். நல்ல முன் வாசல் இருக்க, ஆர் ரீச்சர் உந்தப் பிள்ளையைக் குளிருக்குள்ள குப்பைத் தொட்டியடியில நிப்பாட்டினது?"

அடுத்த கவுண்டர்

ரெண்டு வருசமும் ரெண்டு கோடைப் பள்ளியும் படிச்சு, எண்பத்தொன்பதில வதனி சான்றிதழ் எடுத்தா. இலையுதிர்காலமே மில்லிக்கன் பக்கத்தில ஒரு நூலகத்தில வேலை. கவுண்டரில இருந்து, புத்தகம் கொண்டு வாறவையின்ர அலுவல் பாக்கிறது. விறைச்ச விரலால ஒவ்வொரு எழுத்தாய்த் தட்டுவா, பிழை விடமாட்டா எண்டு மிஸ் டன் சொன்னா. சந்தோசத்தில எனக்கு அழுகை வந்திது. உடன பின்னால இன்னொரு நினைப்பும் வந்திது: என்ர வாயாலை போன ஒண்டரை வருசம் இல்லாட்டி, உவ இப்ப எங்கயோ போயிருப்பா.

ஒரு சனிக்கிழமை, நூலகத்துக்குத் திருப்பிக் குடுக்கவேண்டிய ரெண்டு புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனன். புத்தகம் ஒரு சாட்டு. பஸ்ஸில போகேக்கை சொல்லவேண்டியதை நாலு தரம் சொல்லிப் பழகிக்கொண்டு போனன், பக்கத்து சீற் மனுசி எழும்பி வேற இடத்தில போயிருந்தா. வரிசையில என்ர முறை வந்திது. வதனி நிமிர்ந்து பாத்துச் சிரிச்சா. "வதனி, அண்டைக்கு அந்தச் சோதினையில நான்..." எண்டு துவங்கினன். அதோட நிண்டுபோச்சு. வாய் கோணி, ஒரு சொல்லும் வெளியில வரேல்லை. ஐஞ்சு வருசம் ஊரிலுள்ளவைக்கெல்லாம் கதைச்ச வாய். பின்னால ஆறேழு பேர் நிக்கினம், ஆரோ தொண்டையைச் செருமினாங்கள். எனக்கு வெக்கத்தில முகம் கொதிச்சுது. "சரி பிள்ளை, நான் பிறகு வாறன்" எண்டு புத்தகத்தை வைச்சிட்டுத் திரும்பினன்.

வதனி பக்கத்தில கிடந்த ஒரு பலகையை மெதுவாய் இழுத்து எனக்கும் வரிசைக்கும் நடுவில வைச்சா. அடுத்த கவுண்டருக்குப் போகச் சொல்லி எழுதின பலகை. சனம் முணுமுணுத்துக்கொண்டு அங்கால போச்சுது. பிறகு ரெண்டு கையையும் மேசையில வைச்சுக்கொண்டு, கழுத்தைத் திருப்பி, தன்ர நேரத்தை எடுத்துச் சொன்னா: "சொல்லி முடியுங்கோ மிஸ். நான் முந்தமாட்டன்."

ஐஞ்சு வருசம் ஏலாத பிள்ளையளுக்கு வாயாய் இருந்தனெண்டு பெருமையடிச்சுத் திரிஞ்சன். உண்மையைச் சொன்னால் நான் உருப்படியாய்ச் செய்த வேலை, அந்தக் கூட்டத்தில வாயை மூடிக்கொண்டிருந்த எட்டு நிமிசம்தான்.